மேற்கிலிருந்து தண்ணீர், மேற்கே குப்பை

புதுச்சேரி பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் வெள்ளை மண்டபத்தின் முன்னால் சனி, ஞாயிறுகளில் செல்பி எடுக்கக் கூட்டம் முண்டும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்களில் பலர், ஏதோ சண்டையில் ஜெயித்ததற்காகப் பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். புதுச்சேரி அரசின் முத்திரையிலேயே இடம்பிடித்திருக்கும் அந்த ஆயி மண்டபம் ஒரு குடிநீர்த் திட்டத்துக்காகக் கட்டப்பட்டது.

ஊரில் சொல்லும் கதை இது. விஜயநகர மன்னர் ஒருவர் இந்தப் பக்கமாக வந்தபோது, விளக்குகள் ஜொலித்த ஒரு மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கையெடுத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்க உத்தரவிட்டாராம். நானே இடித்துவிடுகிறேன் என்று அவகாசம் வாங்கிய ஆயி, வீட்டை இடித்துவிட்டு அங்கே ஒரு குளத்தை வெட்டிவைத்தாள். முந்நூறு ஆண்டுகள் கழித்து, பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் காலத்தில், நகரத்துக் கிணறுகள் உவர்த்துக் கிடந்தன. மேற்கே முத்திரையர்பாளையத்தில் நல்ல நீர் இருந்தது. லமைரெஸ் என்ற பொறியாளர் அங்கிருந்து வாய்க்கால் வழியே தண்ணீரைப் பூங்கா வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார். ஆயியின் கதையைக் கேட்ட சக்கரவர்த்தி அவள் பெயராலேயே மண்டபம் எழுப்பச் சொன்னார் என்பார்கள்.

ராஜாவும் போனார், சக்கரவர்த்தியும் போனார், பிரெஞ்சுக் கொடியும் 1954 நவம்பர் 1-ஆம் தேதி இறங்கியது. தண்ணீர் வரும் திசை மட்டும் மாறவே இல்லை. இன்றைக்கும் நகரத்துக் குழாய்களுக்குத் தண்ணீர் கொடுப்பதில் முத்திரையர்பாளையத்து ஆழ்துளைக் கிணறுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே முத்திரையர்பாளையத்தைத் தாண்டி ஊசுடு ஏரிப் பக்கமாக இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் குரும்பாபேட்டை. அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிற ஊர். நகரத்தின் குப்பையெல்லாம் போய்ச் சேர்ந்த இடமும் அதுதான். தண்ணீரை எந்தத் திசையிலிருந்து எடுக்கிறோமோ அந்தத் திசைக்கே குப்பையை அனுப்பிக்கொண்டிருக்கிறோம். வரைபடத்தை விரித்து ஒரு நிமிஷம் பார்த்தால் போதும், பள்ளிக்கூடப் பையனுக்குக்கூட இது விளங்கும். இரண்டு விவரங்களையும் யாரும் ஒரே வரைபடத்தில் ஏற்றிப் பார்க்காததுதான் இந்த ஊரின் சிக்கல்.

ஊரே குடிப்பது நிலத்தடி நீர்

சென்னைக்கு வீராணம் இருக்கிறது, கிருஷ்ணா நீர் இருக்கிறது. அதெல்லாம் பொய்த்தால் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் இருக்கின்றன. புதுச்சேரிக்கு அப்படி எதுவும் கிடையாது. சங்கராபரணியும் தென்பெண்ணையும் இந்தப் பக்கத்தில்தான் கடலைச் சேர்கின்றன. ஆனால் மழைக்காலத்தில் கரைபுரள்வதோடு சரி, மீதி மாதங்களில் மணல்தான். ஆகவே நகரமும் கிராமமும் ஓட்டலும் ஆஸ்பத்திரியும் குடிப்பது பூமிக்கு அடியில் உள்ள தண்ணீரையே. 2011 கணக்குப்படி யூனியன் பிரதேசத்தின் மக்கள்தொகை 12 லட்சத்து 47 ஆயிரம். அதில் புதுச்சேரி, உழவர்கரை ஆகிய இரண்டு நகராட்சிகளில் மட்டும் சுமார் ஐந்தரை லட்சம் பேர்.

அடியில் இருப்பது ஒரே தொட்டி என்று நினைத்துவிடக் கூடாது. மேலே ஆற்று வண்டல். அதற்குக் கீழே கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர்கள் சொல்லும் அடுக்கு. அதற்கும் கீழே வானூர், ராமநாதபுரம் அடுக்குகள். இவை கடலை நோக்கிச் சரிந்து கிடக்கின்றன. கோரிமேட்டிலும் ஆரோவில் பக்கமும் தெரிகிற செம்மண் மேடுதான் மணற்கல் அடுக்கு தலைகாட்டும் இடம். மேற்கே, வடமேற்கே பெய்கிற மழை அங்கே இறங்கி, மெல்ல மெல்லக் கிழக்கே நகர்கிறது. நகரத்துக் கட்டடங்களும் தார்ச்சாலையும் மண்ணை மழையைக் குடிக்க விடாததால், மேற்கேயும் ஏரிகளிலும் இறங்குவதுதான் வரவு. கடற்கரையோரம் மோட்டார் போட்டு உறிஞ்சுவதெல்லாம் செலவு.

செலவு மிஞ்சினால் கடல் உள்ளே வரும். கடலோர நிலத்தடியில் நல்ல நீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்துக்கு நல்ல நீர் நின்றால், கீழே சுமார் நாற்பது மீட்டர் ஆழம் வரை உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நீரியல் பாடம். மேலே அரை மீட்டர் குறைந்தால் அடியில் உப்பு இருபது மீட்டர் ஏறும். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் வீட்டு போரில் வாளி பிடித்தால் சோப்பு நுரைக்காமல் பிசுபிசுப்பது இதனால்தான். குடிநீரில் கரைந்த உப்புக்களின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இந்த ஊரில் யார் வீட்டுச் சமையலறையிலும் கேன் தண்ணீர் ஒரு மூலையில் கவிழ்ந்து நிற்கிறது என்றால், அந்த அளவெல்லாம் நாக்கே கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம்.

கடலோரக் கிணறுகள் ஒவ்வொன்றாக உவர்க்க, நகரம் மேலும் மேலும் மேற்கைச் சார்ந்திருக்க வேண்டியதாயிற்று. அந்த மேற்கில்தான் குப்பை.

ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு

புதுச்சேரியில் அசுத்தத்தை எங்கே ஒதுக்குவது என்ற தகராறுக்கு வயது கிட்டத்தட்ட முந்நூறு. பிரெஞ்சுக் கும்பெனியில் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736-இல் தொடங்குகிறது. அதன் ஆரம்பப் பக்கங்களிலேயே, கடற்கரையிலும் உப்பாற்றுக் கரையிலும் மலஜலம் கழிக்கக் கூடாது, மீறினால் அபராதம் என்று கும்பெனி போட்ட உத்தரவும், அதைக் கேட்டு ஊரே கூடிக் கொதித்ததும் வருகின்றன. ஜனங்களுக்கு வேறு இடம் காட்டாமல் தண்டம் மட்டும் விதிக்கிற வழக்கம் அன்றைக்கே பிறந்துவிட்டது!

நேர்கோட்டுத் தெருக்களைப் போட்டுக்கொடுத்தவர்கள் 1693 முதல் 1699 வரை ஊரைக் கைப்பற்றி வைத்திருந்த டச்சுக்காரர்கள். அந்தக் கட்டத்துக்கு நடுவே ஓடுகிறது பெரிய வாய்க்கால். கிழக்கே வெள்ளைக்காரர் வீதிகள், மேற்கே தமிழர் வீதிகள். மழைத்தண்ணீர் வடிவதற்காக இருந்த அந்த வாய்க்கால் ஊரின் எல்லைக்கோடாகவும் கழிவுக்கோடாகவும் ஆனது. இப்போது கான்கிரீட் சுவர், மேலே கம்பி வேலி. வேலி எதற்கு? குப்பையை எட்டி எறியாமல் இருப்பதற்கு. வெயில் ஏறிய நேரத்தில் குறுக்குப் பாலம் ஒன்றின் மேல் நின்று பார்த்தால், கறுத்த நீர் அசையாமல் கிடக்கிறது. அடியிலிருந்து குமிழிகள் வந்து வெடிக்கின்றன. ஓரத்தில் பால் பாக்கெட், குளிர்பான பாட்டில், பூமாலை, தெர்மாகோல் தட்டு எல்லாம் ஒரே மிதவையாகச் சேர்ந்து பாலத்தூணில் முட்டிக்கொண்டிருக்கின்றன. அங்கிருந்து நூறு தப்படியில் காபிக்கு முந்நூறு ரூபாய் வாங்குகிற கஃபேக்கள்.

வாய்க்காலில் விழாத குப்பை வண்டியில் ஏறுகிறது. பல காலம் அது போய்ச் சேர்ந்தது வடக்கே கருவடிக்குப்பத்துக்கு. 1908 முதல் பத்தாண்டு இந்த ஊரில் அடைக்கலம் இருந்த பாரதி, குயில் பாட்டை எழுதக் காரணமாக இருந்தது என்று காட்டப்படும் குயில் தோப்பு இருப்பது அந்தப் பக்கத்தில்தான். சுற்றிலும் வீடுகள் நெருங்கி, நாற்றம் தாங்காமல் ஜனங்கள் சாலைக்கு வந்தபிறகு, குப்பை அங்கிருந்து கிளம்பியது. மேற்கே குரும்பாபேட்டையில் போய் இறங்கியது. கருவடிக்குப்பத்துக்காரர்கள் மூச்சுவிட்டார்கள், குரும்பாபேட்டைக்காரர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

எவ்வளவு குப்பை? ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ என்று மட்டாகக் கணக்குப் போட்டாலும் இரண்டு நகராட்சிகளிலும் தினம் 270 டன் ஆகும். அது 2011-இன் ஜனத்தொகை. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிறவர்களின் பாட்டில்களும் பிரியாணி டப்பாக்களும் அந்தக் கணக்கில் இல்லை.

பிரிக்காமல் கொட்டிய குப்பை மலையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தண்ணீருக்கு வரும் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. வாழைப்பழத்தோலும் சோறும் மீன் செதிலும் தனியாகக் கிடந்தால் சில வாரங்களில் எருவாகும். பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு உள்ளே அடைத்தால் காற்றில்லாமல் அழுகிப் புளிக்கும். அந்தப் புளிப்பு நீர் வழியிலே கிடக்கும் பேட்டரி, டியூப் லைட், பெயின்ட் டப்பா எல்லாவற்றையும் அரித்து, அதிலிருக்கும் உலோகங்களைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும். மழை பெய்தால் வேகம் கூடும். கறுப்பு டிகாக்ஷன் மாதிரி வடிகிற அந்தக் கசிவுநீருக்கு அடியில் தடுப்புத் தளம் போட்டிருந்தால் பிடித்துச் சுத்திகரிக்கலாம். நம் நாட்டில் பழைய குப்பைமேடுகளில் பெரும்பாலானவை வெறும் தரைமேல் கொட்டப்பட்டவை. உள்ளே உருவாகும் மீத்தேன் கோடையில் தீப்பிடிப்பது இன்னொரு தொல்லை.

குரும்பாபேட்டைக் கசிவு முத்திரையர்பாளையத்து ஆழ்கிணறுகளில் கலந்துவிட்டது என்று இங்கே யாரையும் பயமுறுத்த வரவில்லை. ஆழத்து அடுக்குகளுக்கு மேல் களிமண் படலங்கள் காவல் இருக்கின்றன. மேல்மட்டக் கிணறுகளுக்குத்தான் முதல் அடி விழும். ஆனால் நிலத்தடி நீர் கெட்டுப்போவது மெதுவாக நடக்கும். கெட்டதைச் சரிசெய்வது அதைவிடப் பல மடங்கு மெதுவாக நடக்கும். ஒரு தலைமுறை கொட்டியதை அடுத்த தலைமுறை குடிக்க நேரலாம். கொட்ட இடம் தேடியபோது, நிலம் காலியாக இருக்கிறதா, லாரி போகுமா, எதிர்க்கிறவர்கள் குறைவா என்று பார்த்தார்கள். அடியில் எந்த ஊற்று ஓடுகிறது என்று பார்த்ததாகத் தெரியவில்லை.

குரும்பாபேட்டையில் பழைய குப்பையைக் கிளறி, சலித்து, மண்ணைத் தனியாகவும் பிளாஸ்டிக்கைத் தனியாகவும் பிரிக்கும் பயோமைனிங் வேலை நடந்துவருகிறது. பிரிகிற பிளாஸ்டிக் வகையறாவைச் சிமெண்ட் ஆலைகளில் எரிபொருளாக்குவது வழக்கம். நல்ல வேலைதான். ஆனால் ஒரு பக்கம் பழையதைச் சலித்துக்கொண்டே மறுபக்கம் புதியதைப் பிரிக்காமல் கொட்டினால், அது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிற கதை.

தலைக்கு ஒரு துறை

குப்பையும் தெரு வாய்க்காலும் நகராட்சியின் பொறுப்பு. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் பொதுப்பணித்துறையின் பொறுப்பு. கழிவு நீரின் தரத்தைச் சோதிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஏரி நீர்ப்பாசனப் பிரிவிடம். ஊசுடு ஏரியோ பறவைகள் சரணாலயம் என்பதால் வனத்துறையிடமும் இருக்கிறது. அதிலும் ஒரு பகுதி தமிழ்நாட்டு எல்லைக்குள். தெருவில் மேன்ஹோல் பொங்கினால் யாருக்குப் போன் போடுவது என்று தெரியாமல் ஜனங்கள் நேரே எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போகிறார்கள். முப்பது தொகுதிகள், ஒவ்வொன்றும் கைக்கடக்கம். அதனால் எம்.எல்.ஏ.வே கவுன்சிலர் வேலையையும் பார்க்கிறார்.

வேறு வழியும் இல்லை, ஏனென்றால் இந்த ஊரில் கவுன்சிலர் என்று ஒருவர் கிடையாது. 1880-இல் பிரெஞ்சு அரசு ஆணை பிறப்பித்து நகராட்சிகளை உண்டாக்கிய ஊர் இது. நகரசபைக் கட்டடத்தை மக்கள் இன்றைக்கும் பிரெஞ்சுச் சொல்லால் மேரி என்றுதான் சொல்கிறார்கள். கடலைப் பார்த்து நின்ற அந்தப் பழைய மேரி 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, பிறகு அதே அச்சில் திரும்பக் கட்டப்பட்டது. உள்ளே உட்கார வேண்டியவர்களைத்தான் காணோம். 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல், 38 ஆண்டுகள் கழித்து. அந்தக் கவுன்சில்களின் காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் தேதி அறிவித்தார்கள், இடஒதுக்கீட்டுப் பிரச்சினையில் கோர்ட்டுக்குப் போய் நின்றது. வார்டுக்கு ஒருவர் இருந்து, குப்பை வண்டி ஏன் வரவில்லை என்று கேட்கவும், குழாயில் வருகிற நாற்றத்தை மாதாந்தரக் கூட்டத்தில் பதிவுசெய்யவும் ஆள் இல்லாத நகராட்சியை எத்தனை ஆணையர்கள் வந்து நடத்தினாலும் அது அலுவலகமாக இருக்குமே தவிர சபையாக இருக்காது.

பொறுப்பை இப்படித் துறைதுறையாகப் பிரித்ததன் விலை என்ன என்பது 2024 ஜூன் 11-ஆம் தேதி காலையில் தெரிந்தது. ரெட்டியார்பாளையம் புதுநகரில் கழிப்பறைக்குப் போன ஒரு மூதாட்டி மயங்கி விழுந்தார். தூக்கப் போன மகளும் விழுந்தார். பக்கத்து வீட்டில் பதினைந்து வயதுப் பள்ளி மாணவியும் விழுந்தாள். மூவரும் இறந்துபோனார்கள். பாதாளச் சாக்கடையிலிருந்து கழிப்பறை வழியாக வீட்டுக்குள் ஏறிய விஷவாயு காரணம். காற்றில்லாத குழாயில் கழிவு தேங்கினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் நுகரும் சக்தியே மரத்துப்போகும், அதனால் ஆபத்து இருப்பதும் தெரியாது. கழிப்பறைக் கோப்பைக்குக் கீழே பிளம்பர்கள் டிராப் என்று சொல்லும் வளைவு இருக்கிறது. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று வாயுவை மேலே வரவிடாமல் அடைத்துக்கொள்ளும். பழைய செப்டிக் டேங்க் வீடுகளை அவசரமாகப் பாதாளச் சாக்கடையோடு இணைக்கும்போது இந்த வளைவும், வாயு வெளியேற வேண்டிய காற்றுக் குழாயும் இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்க வேண்டும். நூறு ரூபாய்ச் சாமான், அரைமணி நேர வேலை.

கனகன் ஏரி, லாஸ்பேட்டை, துப்புராயப்பேட்டை என மூன்று இடங்களில் நவீனக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு ஒரு கோடியே 70 லட்சம் லிட்டர் சுத்திகரிக்கும் அளவில் கட்டப்பட்டது. நிலையம் இருப்பது ஒன்று, எல்லா வீட்டுக் கழிவும் அங்கே போய்ச் சேருவது வேறு. சேராதது உப்பாறு வடிகாலில் இறங்கி, தெற்கே தேங்காய்த்திட்டு முகத்துவாரத்துச் சதுப்பில் கலக்கிறது. நண்டும் இறாலும் பிடிக்கிற இடம் அது. ஆற்றின் மறுகரையில் அரிக்கமேடு. 1945-இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது ரோமானிய ஜாடிகளோடு செங்கல் தொட்டிகளும் வடிகால்களும் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வடிகால் கட்டத் தெரிந்த கரை என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

குழாய்க்குள் சாக்கடை எப்படி நுழைகிறது?

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரிகளுக்கு வந்தார்கள். பொது சுகாதார அவசரநிலை அறிவித்து, பள்ளிகளை மூடினார்கள். 2025 செப்டம்பரில் புதுச்சேரி நகரத்திலேயே, உருளையன்பேட்டை, நெல்லித்தோப்புப் பகுதிகளில், குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டது என்று ஜனங்கள் குடத்தோடு சாலையில் உட்கார்ந்தார்கள். பலர் பேதியாகி மருத்துவமனையில் சேர்ந்தார்கள், சட்டப்பேரவையில் ரகளை. இரண்டு தடவையும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: சாக்கடைக் குழாய் தனி, குடிநீர்க் குழாய் தனி, இரண்டும் எப்படிக் கலந்தன?

விடை தண்ணீர் வராத நேரத்தில் இருக்கிறது. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று வால்வைத் திறந்து மூடுகிற முறையில், தண்ணீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். விரிசல் இருந்தாலும் உள்ளே இருப்பது வெளியேதான் ஒழுகும். வால்வை மூடியதும் குழாய் காலியாகும், அழுத்தம் குறையும், போதாக்குறைக்கு வீடுகளில் மோட்டாரை நேரே குழாயில் மாட்டி உறிஞ்சுவார்கள். அப்போது அதே விரிசல் வழியாக வெளியே தேங்கி நிற்பது உள்ளே போகும். வெளியே நிற்பது என்ன? குப்பை அடைத்து வழிகிற வாய்க்கால் தண்ணீர். குறுகிய சந்துகளில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒரே பள்ளத்தில்தான் படுத்திருக்கின்றன. வீட்டு இணைப்புக் குழாய் வாய்க்காலுக்குள்ளேயே நனைந்துகொண்டு போவதையும் பார்க்கலாம். வாசலில் நாம் வீசிய கவர் வாய்க்காலை அடைக்க, வாய்க்கால் குழாயை நனைக்க, இரவில் உறிஞ்சியது காலையில் சொம்பில் வருகிறது. குப்பையிலிருந்து குடிநீருக்கு இவ்வளவு குறுக்கு வழி இருக்கும்போது குரும்பாபேட்டை வரைக்கும்கூடப் போகவேண்டியதில்லை.

ஃபெஞ்சல் புயல் 2024 டிசம்பர் முதல் தேதி விடிவதற்குள் நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டிவிட்டுப் போனபோது தெருவில் நின்ற இடுப்பளவு தண்ணீரில் வாய்க்கால் எது, சாக்கடை எது என்ற வித்தியாசமே இல்லை.

இது புதுச்சேரிக்கு மட்டும் வந்த விதி என்று சொல்ல முடியாது. நாட்டிலேயே தூய்மையான நகரம் என்று வருஷம் தவறாமல் பரிசு வாங்கிய இந்தூரில், 2025 டிசம்பர் கடைசியில், பகீரத்புரா என்ற பகுதியில் குழாய்த் தண்ணீரைக் குடித்துப் பலர் இறந்தார்கள். பிரதானக் குழாய்க்கு மேலேயே ஒரு கழிப்பறை இருந்தது. தெருவில் காகிதம் கிடக்காததற்குப் பரிசு உண்டு, பூமிக்கு அடியில் இருப்பதைப் பார்த்து மார்க் போட யாரும் இல்லை.

கேட்டை இழுத்து மூடிய கிராமம்

எதிர்த்திசையில் ஓர் ஊர் போனது. கேரளத்து ஆலப்புழையும் புதுச்சேரி மாதிரியே வாய்க்கால்களின் ஊர், சுற்றுலா ஊர். அதன் குப்பை பல ஆண்டுகள் பக்கத்துக் கிராமமான சர்வோதயபுரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 2012-இல் கிராமத்தார் லாரிகளை மறித்துவிட்டார்கள். நகரம் நாறியது. அடுத்த கிராமத்தைத் தேடாமல், அன்றைய எம்.எல்.ஏ. தாமஸ் ஐசக்கும் நகராட்சியும் சேர்ந்து வேறு முடிவெடுத்தார்கள். மக்குகிற குப்பை வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. இடமுள்ள வீட்டுக்குப் பயோகேஸ் கலன் அல்லது உரக்குழாய், மானியத்தில். இடமில்லாதவர்களுக்குத் தெருமுனையில் காற்றோட்டமுள்ள உரத்தொட்டிகள்: ஓர் அடுக்கு குப்பை, ஓர் அடுக்கு காய்ந்த இலை, நுண்ணுயிர்க் கரைசல், மூன்று மாதத்தில் எரு. முன்பு குப்பை கொட்டி நாறிய மூலைகளையே தேர்ந்தெடுத்து, சுத்தப்படுத்தி, தொட்டிகளை வைத்தார்கள் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. அடியோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். லாரி போய்க் கொட்டுகிற ஒரு பெரிய மேடு தேவையில்லை என்று ஒரு நகரம் காட்டியது.

புதுச்சேரிக்கும் இது தெரியாத வித்தை அல்ல. கடற்கரையோர வார்டு ஒன்றில் ‘சுத்தம்’ என்ற தொண்டு அமைப்பு வீடு வீடாகப் பிரித்து வாங்குவதை 2000-களிலேயே செய்து காட்டியது. பக்கத்து ஆரோவில்லில் மறுசுழற்சிக்கு எத்தனையோ வகையாகப் பிரிக்கிறார்கள். ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு இங்கே 2019 ஆகஸ்டிலேயே தடை போட்டாயிற்று, நாடு முழுக்க 2022 ஜூலையில் வருவதற்கு முன்பாகவே. பெரிய மார்க்கெட்டில் நெத்திலி வாங்கினால் எதில் போட்டுத் தருகிறார்கள் என்று போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரித்துக் கொடுக்கிற வீட்டில் ஒரு புகார் உண்டு: நாங்கள் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று பிரித்து வைக்கிறோம், வண்டிக்காரர் இரண்டையும் ஒன்றாகவே கவிழ்த்துக்கொள்கிறார். நியாயமான புகார். ஆனால் வண்டியில் நிற்கிற பெண்ணின் பக்கமும் உண்டு. கையுறை இல்லாமல் டயபரையும் மீன் கழிவையும் உடைந்த கண்ணாடியையும் ஒரே பையில் பிரித்துப் பார்ப்பவர் அவர். வண்டியில் தடுப்புப் பலகை வைத்து இரண்டு அறையாக்கியிருக்கிறதா, எடைக்குப் பணமா, பிரிப்புக்குப் பணமா என்பதையெல்லாம் தீர்மானிப்பது ஒப்பந்தம். டன்னுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால், குப்பை எவ்வளவு கனக்கிறதோ அவ்வளவு லாபம். குறைந்த குப்பைக்குக் கூடுதல் காசு என்று ஒப்பந்தம் எழுதிப் பார்க்கலாம்.

தண்ணீர் பக்கத்தில் ஒடிசாவின் புரி ஒரு படிப்பினை. கோடிக்கணக்கில் யாத்திரிகர்கள் வரும் அந்தக் கடலோர ஊரில், 2021 ஜூலை முதல் 24 மணி நேரமும் குழாயில் தண்ணீர், கொதிக்க வைக்காமல் குடிக்கலாம் என்று அறிவித்தார்கள். எந்நேரமும் அழுத்தம் இருந்தால் சாக்கடை உள்ளே வர வழியில்லை. மீட்டர் பொருத்தியதால் ஒழுகுவதும் தெரிந்துவிடும். புதுச்சேரியும் பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் கடனுதவியோடு அப்படி ஒரு திட்டத்தைப் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறது. அது வரும்வரைக்கும் செய்யக் காசு தேவைப்படாத காரியம் ஒன்று உண்டு. கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும், 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது தரம். தெருவாரியாக அந்த முடிவை வாரம் ஒருமுறை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டட்டும். கேன் தண்ணீர் வியாபாரிகளுக்குக் கொஞ்சம் நஷ்டமாகலாம்.

இனி தண்ணீருக்கு எங்கே போவது என்பதில் நகரத்தின் பார்வை தெற்கேயும் மேற்கேயும் உள்ள கிராமங்கள் மீது விழுந்திருக்கிறது. ஆற்றோரங்களிலும் பாகூர் கொம்யூன் பக்கத்திலும் ஆழ்துளைக் கிணறு போட்டு நகரத்துக்குக் கொண்டுவருவது யோசனை. கிராமங்களில் எதிர்ப்பும் கிளம்பியது. அது வெறும் கஞ்சத்தனம் இல்லை. புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளையும் 1999 முதல் 2008 வரை ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு தூர்வாரிச் செப்பனிட்ட வேலையில் அந்த விவசாயிகளும் ஏரிச் சங்கம் வைத்து உழைத்திருக்கிறார்கள். சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கு வரும் நீர் எத்தனை போருக்கு ஊற்று என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நகரம் தண்ணீர் கேட்டு வருகிறது. குப்பை கொட்ட இடம் தேடியும் இந்த மாதிரி வெளியூர்களுக்குத்தான் வந்திருக்கிறது என்பதும் தெரியும்.

பாகூரில் போர் போடப் பேச உட்காருகிற அதிகாரிகள் கையில் இரண்டு காகிதங்கள் இருக்க வேண்டும். ஒன்று, எடுக்கும் தண்ணீருக்கு ஈடாக எந்த ஏரியில் எவ்வளவு நீரைச் சேர்த்துத் தருவோம் என்ற கணக்கு. இன்னொன்று, அந்த நீர்ப்பிடிப்புக்குள் நகரத்தின் குப்பை லாரியோ கழிவுநீர் லாரியோ ஒருநாளும் நுழையாது என்ற எழுத்து மூலமான உறுதி, கையெழுத்தோடு. கையெழுத்துப் போட நகராட்சித் தலைவர் என்று ஒருவர் வேண்டும். அதற்கு முதலில் தேர்தலை நடத்த வேண்டும்.